முனியாண்டி வளைவில் கேட்ட ஹாரன்

போன மாதம் பாசிர் கூடாங் கார்ப் பந்தயம் முடிந்த அன்று சாப்பாட்டு மேசையில் நீங்கள் எல்லோரும் கத்திக்கொண்டிருந்தீர்கள். உங்களில் ஒருவர், பெயர் வேண்டாம், முன்னால் போன காடிக்குப் பின்னாலிருந்து விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்து, கையையும் வெளியே நீட்டி, ஏதோ விபத்து நடந்துவிட்டது மாதிரி காட்டினார். முன்னால் போனவர் நம்பி வேகத்தைக் குறைத்தார். இவர் தாண்டிப் போய்க் கோப்பையைத் தூக்கிவிட்டார். விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்கள், அதில் இதற்குத் தடை ஒன்றும் இல்லை. "என்னா சார் தப்பு? மூளைய வெச்சு ஜெயிச்சான், அவ்ளோதான் லா" என்று கைதட்டினீர்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க சார்" என்றீர்கள். நான் கோழிக்கறியைத் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பதில் தெரியாமல் வரவில்லை. சொன்னால் முழுசாகச் சொல்ல வேண்டும், அதற்கு அந்த மேசை சரிப்படாது. அதனால்தான் இப்போது எழுதுகிறேன். எஞ்சினை எப்படித் தட்டிக்கொட்டுவது, டயரை எப்போது மாற்றுவது என்றெல்லாம் இதில் ஒன்றும் இருக்காது. அதெல்லாம் உங்கள் மெக்கானிக் என்னைவிட நன்றாகச் சொல்வார்.

என்னைப் பற்றிப் பத்திரிகையில் எழுதியவர்கள் எல்லோரும், என் முதல் பந்தயம் ஜப்பான் சண்டை முடிந்த பிறகு ஜொகூர் பாருவில் நடந்தது என்று எழுதினார்கள். கடையில் வாங்கிய சாதாரணக் காடியில் பின்சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுகிற பந்தயம், நீங்கள் இன்று ஓட்டுவதற்குத் தாத்தா முறை. அதை நானும் மறுக்கவில்லை. ஆனால் அது பொய். என் முதல் பந்தயம் ஜப்பான்காரன் காலத்தில், ஜொகூரில் இருக்கிற ரெங்கத்தில் நடந்தது. இரண்டு காடிகள், ஆறு கட்டைத் தூரம், மைலை அப்போது நாங்கள் கட்டை என்றுதான் சொல்வோம். வேடிக்கை பார்க்க வழியில் யாரும் இல்லை என்றுதான் அன்று காலை வரை நினைத்திருந்தேன்.

சண்டைக்கு முன் நான் ரெங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துத் துரைக்குக் காடி ஓட்டிக்கொண்டிருந்தேன். குண்டு விழ ஆரம்பித்ததும் துரை சிங்கப்பூருக்கு ஓடிவிட்டார். காடி நின்றுவிட்டது, அதோடு நானும் நின்றுவிட்டேன். ஜப்பான்காரர்கள் வந்து காடியை எடுத்துக்கொண்டபோது, சாவியோடு சேர்த்து என்னையும் எடுத்துக்கொண்டார்கள். ரெங்கத்தில் அவர்களுடைய வண்டிப் பிரிவு ஒன்று இருந்தது. அங்கே இன்னொரு தமிழ் டிரைவரும் இருந்தான், பெயர் காளிமுத்து. லாபிஸில் ஒரு செட்டியார் கடைக்கு லோரி ஓட்டியவன். கல்யாணமாகி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. மனைவி அஞ்சலையை லாபிஸில் விட்டுவிட்டு வந்திருந்தான். என்னைவிட இரண்டு வயது சின்னவன், வாய் நிறைய அண்ணே என்பான்.

அவன் ஓட்டு சுத்தமான ஓட்டு. ஆள் நடமாட்டமே இல்லாத முச்சந்தியிலும் நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் எடுப்பான். என்னைவிட நல்ல டிரைவர். இதை எந்தப் பேட்டியிலும் நான் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

அந்த நாளில் தோட்டத்து ஆட்களைச் சயாமுக்குப் பிடித்துப் போய்க்கொண்டிருந்தார்கள், அங்கே ரயில் பாதை போட. மூன்று மாத வேலை என்றுதான் சொன்னார்கள். போனவர்களில் ஒருவரும் அதுவரை திரும்பவில்லை, கடிதாசியும் வரவில்லை. ரெங்கத்திலிருந்து ஐந்து கட்டையில் ஒரு தோட்டம் இருந்தது. அங்கே ஒரே நாளில் லயத்தையே, ஆட்கள் குடியிருந்த வீட்டு வரிசை முழுவதையும், காலி செய்தார்கள். மறுவாரம் அந்த வழியாகப் போனபோது எல்லா வீட்டுக் கதவும் திறந்து கிடந்தது. கொடியில் துணி காய்ந்தபடியே இருந்தது. நாய்கள் மட்டும் அதனதன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தன, குரைக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகிற வேலை வந்தால் காளிமுத்துவும் நானும் மாற்றிமாற்றி மற்றவன் தலையில் கட்டப் பார்ப்போம்.

ஒரு நாள் எங்கள் பிரிவுக்கே உத்தரவு வந்தது. சயாமுக்கு ஒரு டிரைவர் வேண்டும், ஒருவன் போதும். எங்கள் அதிகாரியைச் சிப்பாய்கள் தாய்ச்சோ என்று கூப்பிடுவார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். கோபமே வராத மனிதர். அடிக்கும்போதுகூட முகம் மாறாது, அதனாலேயே அவர் எதிரே வந்தால் நான் வேறு வழியாகச் சுற்றிப் போய்விடுவேன். அவர் எங்கள் இருவரையும் நிற்க வைத்து, அவருக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் சொன்னார்.

"சியாபா மெனாங், திங்கால். சியாபா காலா, பெர்கி சயாம்."

ஜெயிக்கிறவன் இங்கே இருக்கலாம், தோற்கிறவன் சயாமுக்குப் போகணும். மறுநாள் காலை ரெங்கம் ரயில் கேட்டிலிருந்து புறப்பட்டு, காலியான அந்தத் தோட்டத்தைத் தாண்டி, ஆறாவது கட்டையில் இருக்கிற பழைய ஸ்டோர் வரைக்கும் பந்தயம். சாலையை இரண்டு முனையிலும் அடைத்தாயிற்று, எதிரே ஒரு சைக்கிள்கூட வராது என்றார். அவருக்குப் பொழுது போகவில்லை, வேறு காரணம் ஒன்றும் இல்லை.

காளிமுத்து என்னைப் பார்த்தான். "அலமாக், என்னாண்ணே இது" என்றான். பிறகு, "யாரு ஜெயிச்சாலும் மனசுல வெச்சுக்க வேணாம்ணே" என்றான். சரி என்று தலையாட்டினேன்.

இங்கே அந்தச் சாலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாலாவது கட்டையில் செம்மண் மேட்டை வெட்டிப் போட்ட ஒரு வளைவு இருக்கிறது. அந்தப் பக்கம் வருவது இந்தப் பக்கம் தெரியாது. சாலை ஒரு காடி போகிற அகலம், இரண்டு பக்கமும் கால்வாய். வளைவின் ஓரத்தில் ஒரு பெரிய மரம், அதன் அடியில் சூலம் நட்டு, சிவப்புத் துணி சுற்றி, முனியாண்டி இருந்தார். அங்கே எல்லா டிரைவருக்கும் ஒரே வழக்கம்தான். தமிழனோ மலாய்க்காரனோ சீனனோ, ஹாரன் அடிக்காமல் அந்த வளைவுக்குள் நுழைய மாட்டான். எதிர்ப் பக்கம் ஹாரன் கேட்டால், கேட்டவன் மரத்தடியில் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும். முனியாண்டிக்கும் மரியாதை ஆச்சு, உயிருக்கும் பாதுகாப்பு ஆச்சு. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. மீறினவனும் இல்லை.

காலை ஏழு மணிக்கு ரயில் கேட்டில் நின்றோம். பனி, கித்தா என்று நாங்கள் சொல்கிற ரப்பர் மரங்களுக்கு நடுவில் இடுப்பளவுக்கு நின்றிருந்தது. மற்ற நாளில் ரப்பரைக் காய்ச்சி எடுத்த எண்ணெயில்தான் காடி ஓடும், ஊரெல்லாம் கருகின டயர் நாற்றம் அடிக்கும். அன்றைக்கு மட்டும் தாய்ச்சோ நிஜப் பெட்ரோல் கொடுத்திருந்தார். ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து அந்த எஞ்சின் சத்தத்தைக் கேட்டபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. தாய்ச்சோ முன்னாலேயே ஸ்டோருக்குப் போய்விட்டார். கேட்டில் நின்ற சிப்பாய் விசிலை ஊதினான்.

முதல் கட்டையிலேயே காளிமுத்து முன்னால் போய்விட்டான். அகலமில்லாத சாலை, முன்னால் போகிறவன் நகர்ந்தால் ஒழியத் தாண்ட முடியாது. அவன் நகர மாட்டான், தப்பும் செய்ய மாட்டான். இரண்டாம் கட்டை போனது, மூன்றாம் கட்டை போனது. பனிக்குள் அவன் காடியின் பின்புறம் வெளுப்பாகத் தெரிவதும் மறைவதுமாக இருந்தது. எனக்கு வீட்டில் காத்திருக்க மனைவி இல்லை, பிள்ளை இல்லை, அப்பா அம்மாவும் இல்லை. போக வேண்டியவன் நான்தான் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எனக்கும் தெரியும். ஆனால் போக மனசில்லை. அந்த லயத்துக் கதவுகள் கண்ணுக்குள் திறந்து திறந்து மூடின. உயிர்ப் பயம் அய்யா, வேறென்ன சொல்ல.

வளைவுக்கு முன்னால் சாலை ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும். துரையிடம் வேலை செய்தபோது அந்தப் பள்ளத்தில் ஒரு வேடிக்கையைக் கண்டுபிடித்திருந்தேன். பள்ளத்துக்குள் இருந்தபடி ஹாரனை அடித்தால், சத்தம் நேராக மேலே ஏறாது. எதிரே இருக்கிற செம்மண் மேட்டில் பட்டு, வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவது மாதிரி கேட்கும். துரை சிரித்துச் சிரித்து இன்னொரு தரம் அடி என்பார். லாபிஸ்காரன் காளிமுத்துவுக்கு இது தெரியாது.

அவன் மேட்டில் ஏறி, வழக்கப்படி ஹாரனை அடித்துவிட்டு வளைவை நெருங்கினான். நான் பள்ளத்தில் இருந்தேன். ஒரே தரம், நீளமாக அழுத்தினேன்.

சாலை அடைத்திருக்கிறது, எதிரே எதுவும் வராது என்று அவனுக்கும் தெரியும். தலைக்குத் தெரியும். ஆனால் நீங்கள் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறீர்களே, சொல்லுங்கள், பிரேக்கை மிதிப்பது தலையா? கால் அய்யா. கால் யோசிக்காது. பழகினதைச் செய்யும். முன்னால் போகிற டிரைவர் எவ்வளவு ஒழுங்கானவனோ, அவ்வளவு சுலபமாக அவன் காலை நீங்கள் ஏமாற்றலாம். ஒழுங்கில்லாதவனிடம் இந்தத் தந்திரம் பலிக்கவே பலிக்காது. நான் நம்பினது காளிமுத்துவின் நல்ல குணத்தை.

நான் மேட்டில் ஏறியபோது அவன் மரத்தடியில் ஒதுங்கி நின்றிருந்தான். தாண்டும்போது பக்கவாட்டில் பார்த்தேன். ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்து, சூலத்தைப் பார்த்துக் கும்பிட்டபடி கண்ணை மூடியிருந்தான். என் காடி போனதை அவன் பார்க்கவே இல்லை.

வளைவுக்குள் நுழைந்தேன். அப்போது எதிரேயிருந்து ஹாரன் கேட்டது.

என் இரண்டு கையும் ஸ்டியரிங்கில்தான் இருந்தன. சத்தம் நீளமாக, கட்டையாக, வெகு பக்கத்திலிருந்து வந்தது. என் ஹாரன் அப்படி ஒலிக்காது. கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. அதை வலுக்கட்டாயமாகத் தூக்கி ஆக்ஸிலேட்டரில் வைத்தேன். மோதப் போகிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். பனி விலகியது, எதிரே வெறும் சாலைதான் இருந்தது.

காலியான லயம் வந்தது. நாய்கள் அப்போதும் வாசலில் உட்கார்ந்திருந்தன, எலும்பும் தோலுமாக. காடி வரும் சத்தம் கேட்டு எல்லாம் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பின. ஆனால் என்னைப் பார்க்கவில்லை. என் காடிக்குப் பின்னால், ஆள் உயரத்துக்கு, எதையோ பார்த்தன. நான் கடந்து போன பிறகும் அவற்றின் தலைகள் மெதுவாக என் வழியே திரும்பிக்கொண்டு வந்தன. காளிமுத்து இன்னும் வளைவுக்கு அந்தப் பக்கம்தான் நின்றிருந்தான். கண்ணாடியைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஸ்டோர் வரைக்கும் பார்க்கவே இல்லை.

தாய்ச்சோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து காளிமுத்து வந்து சேர்ந்தான், நிதானமாக. ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டதற்கு, எதிரே ஹாரன் கேட்டு நின்றேன் துவான் என்று பணிவாகச் சொன்னான். தாய்ச்சோ வளைவைத் தாண்டி மரங்களுக்குள் காவல் நின்ற சிப்பாயை வரவழைத்து விசாரித்தார். வண்டி எதுவும் போகவில்லை என்று அவன் சொன்னான். ஹாரன் கேட்டதா என்றதற்கு, காளிமுத்து வளைவில் அடித்ததைத் தவிர இன்னும் இரண்டு தரம் கேட்டது என்று இரண்டு விரலைக் காட்டினான்.

ஒன்று என்னுடையது. இன்னொன்றை யார் அடித்தது?

தாய்ச்சோ என் காடிக்குப் பக்கத்தில் வந்து, ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஹாரனை ஒரு தரம் அழுத்திப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு. முதல் தடவையாக அவர் சிரித்ததைப் பார்த்தேன். "பாகுஸ்" என்று சொல்லித் தோளில் தட்டினார். பாகுஸ் என்றால் நன்று, பிரமாதம். தந்திரத்தால் ஜெயித்தவனை மெச்சுகிறவர்களை அதற்குப் பிறகும் நிறையப் பார்த்திருக்கிறேன். என்னை முதலில் மெச்சினவர் அவர்தான்.

மறுநாள் காளிமுத்துவை ரெங்கம் ஸ்டேஷனில் விட்டு வரச் சொல்லி எனக்கே உத்தரவு. பக்கத்துச் சீட்டில் துணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அழுதிருப்பான் என்று பயந்துகொண்டே போனேன். அவன் முகம் தெளிவாக இருந்தது.

"அண்ணே, ஒண்ணு சொல்லட்டுமா? சிரிக்கக் கூடாது."

"சொல்லு."

"ஹாரன் அடிச்சது முனியாண்டிதாண்ணே. ரோட்டுல ஒரு காடியும் இல்ல, எனக்குத் தெரியும். ஆனா நேரா முன்னால கேட்டுச்சு. என்னைய நிக்கச் சொன்னாரு, நின்னுட்டேன். ஏதோ காரணம் இல்லாம சொல்ல மாட்டாருல்ல. நல்லபடியா திருப்பிக் கொண்டு வந்து சேத்துடுவாரு."

அப்போது சொல்லியிருக்கலாம். ரயில் நின்றுகொண்டிருந்தது, பெயர்ப் பட்டியலில் டிரைவர் ஒருவன் என்றுதான் இருந்தது, பெயர்கூட எழுதவில்லை. இறங்கி, நான் போகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். வாய் வரைக்கும் வந்தது. எனக்குக் கேட்ட அந்த இரண்டாவது ஹாரன் ஞாபகம் வந்தது. ஒருவேளை முனியாண்டிதான் இவனை நிறுத்தினாரோ, நான் வெறும் கருவிதானோ என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு வசதியான நினைப்பு பாருங்கள். மனுஷன் தப்பிக்கப் பார்க்கும்போது சாமியைக்கூடச் சாட்சிக்குக் கூப்பிடுவான்.

"அஞ்சலையை ஒரு எட்டுப் போயி பாத்துக்கங்கண்ணே" என்று சொல்லிவிட்டு ஏறினான். சரி என்றேன். போய்ப் பார்க்கவில்லை.

அவன் திரும்பவில்லை. ஜப்பான்காரன் போன பிறகு, பிழைத்து வந்தவர்களின் கூட்டத்தில் ஸ்டேஷன் ஸ்டேஷனாகத் தேடினேன். தேடினேன் என்றால், வந்துவிடக் கூடாதே என்ற பயத்தோடும் தேடினேன். அதற்குப் பிறகு காடிப் பந்தயங்கள் ஆரம்பித்தன. துரைமார்களும் பணக்காரச் சீனர்களும் ஓட்டிய இடத்தில் ஒரு தோட்டத்து டிரைவர் ஓட்டுகிறான் என்று கூட்டம் கூடியது. எதற்கும் அஞ்சாதவன் என்று எழுதினார்கள். ஒவ்வொரு பந்தயத்திலும் ஏதோ ஒரு வளைவில் அந்தக் கட்டையான ஹாரன் எதிரேயிருந்து கேட்கும். கால் பிரேக்குக்குப் போகும். நான் தூக்கி ஆக்ஸிலேட்டரில் வைப்பேன். அதைத்தான் அவர்கள் தைரியம் என்று எழுதினார்கள்.

ஜொகூர் பாருவில் ஒரு பந்தய நாள் காலை. காடிகளை வரிசையில் நிறுத்தியாயிற்று. கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். வெள்ளைச் சேலை, முப்பது வயதுகூட இருக்காது. லாபிஸிலிருந்து ரயிலேறி வந்திருக்கிறேன் என்றாள். பெயரைச் சொல்வதற்கு முன்பே யாரென்று தெரிந்துவிட்டது.

"நாந்தாண்ணே அஞ்சலை. அவரு கூட சயாம்ல இருந்த ஒருத்தரு இப்பதான் எங்க ஊருக்கு வந்தாரு. காய்ச்சல்ல போயிட்டாராம். கடைசி ராவெல்லாம் ஹாரன் கேக்குது, ஹாரன் கேக்குதுன்னு பாயில ஓரமா ஒதுங்கி ஒதுங்கிப் படுத்தாராம்."

அவளே தொடர்ந்தாள்.

"அதக் கேக்க நான் வரல. அது முடிஞ்சு போச்சு. ரேஸ்ல அவரு நடுவுல நிப்பாட்டிட்டாருன்னு அந்தாளு சொன்னத வெச்சு, எங்க மாமியா வீட்டுல, என் கூட வாழப் புடிக்காமதான் வேணும்னே தோத்துட்டுப் போயிட்டாருன்னு சொல்றாங்கண்ணே. தெனமும் சொல்றாங்க. அவரு ஹாரன் கேட்டுத்தான் நின்னேன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்காரு. யாரும் நம்பல. நீங்கதான பின்னால வந்தீங்க. உங்களுக்கும் கேட்டுச்சாண்ணே?"

வரிசையில் எஞ்சின்களை உயிர்ப்பிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கொடிக்காரர் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டுச்சும்மா" என்றேன்.

நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. என் வாழ்க்கையில் அதைவிடக் கேவலமான உண்மையை நான் சொன்னதில்லை.

அவள் முகத்திலிருந்து ஏதோ ஒன்று இறங்கிப் போனது. "அப்ப சரி" என்றாள். "அவரு என்னைய விட்டுட்டுப் போகல" என்று தனக்குத்தானே ஒரு தரம் சொல்லிக்கொண்டாள். அப்புறம் முந்தானை முடிச்சை அவிழ்த்து, வரும் வழியில் ரெங்கத்தில் இறங்கி அந்த வளைவு வரைக்கும் நடந்தே போய் முனியாண்டியிடம் எடுத்த திருநீறு என்று சொல்லி, கயிற்றுக்கு மேலாகக் கையை நீட்டி என் நெற்றியில் பூசினாள். நான் குனிந்து கொடுத்தேன்.

"உண்மையச் சொன்னீங்க. நீங்க நல்லா இருக்கணும்ணே."

அதோடு போய்க் காடியில் உட்கார்ந்தேன். அன்றைக்கு எந்த வளைவிலும் ஹாரன் கேட்கவில்லை, அதற்குப் பிறகு ஒரு பந்தயத்திலும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்றும் நான்தான் ஜெயித்தேன்.